சாப்பிட்ட பின் ஒரு மாத்திரை

பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் மனச்சோர்வுக்கென்றே ஒரு மாத்திரையை அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஆகஸ்டில் அனுமதித்தது. மருந்தின் பெயர் சுரனோலோன். சர்சுவே என்ற பெயரில் விற்கிறார்கள். நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றாமல் வாயால் விழுங்கும்படி இந்த நோய்க்கு வந்த முதல் மருந்து அதுதான். தினம் ஒரு வேளை, பதினான்கு நாள். பதினான்கு நாளைக்கும் சேர்த்து வைத்த விலை 15,900 டாலர்.

மருந்தைப் பழிக்க எனக்குத் தகுதியும் இல்லை, காரணமும் இல்லை. அதைச் சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்த தாய்மார்கள் இருப்பார்கள், நன்றாக இருக்கட்டும். நான் படித்தது மருந்தோடு வரும் குறிப்பை மட்டும். மாலையில் போட வேண்டும் என்கிறது. கொழுப்புள்ள உணவோடு சேர்த்துப் போட வேண்டும் என்கிறது. எவ்வளவு உணவு என்பதற்கு உதாரணமும் கொடுத்திருக்கிறது: 400 முதல் 1,000 கலோரி, அதில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை கொழுப்பு.

ஆக, ராத்திரிச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுக்கிற பிள்ளை பெற்றவளுக்கு மனம் ஒடிந்துபோனால் வைத்தியம் தயார். சின்ன நிபந்தனைதான். முதலில் வயிறார நெய்யும் வெண்ணெயுமாக ஒரு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அதை யார் போடுவது என்று குறிப்பில் இல்லை. போடுவது மருந்துக் கம்பெனியின் வேலையும் இல்லை.

அமெரிக்காவின் பழைய உணவுக் கூப்பன் திட்டத்துக்கு இப்போது ஸ்நாப் என்று பெயர். அதில் ஓர் ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 டாலர் கிடைக்கிறது. மாத்திரையின் விலையை ஆறால் வகுத்துப் பார்த்தேன். 2,650 நாள். ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு தாய் சாப்பிடலாம். பதினான்கு நாள் மாத்திரைக்குக் காப்பீடு இருக்கிறது, ஏழைகளுக்கு மெடிக்எய்ட் இருக்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏழு வருஷச் சோறு என்றால்தான் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, ஏழைகளுக்குச் சோம்பல் வந்துவிடுகிறது, குடியரசின் அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது.

அமெரிக்காவிலா பசி என்று கேட்பீர்கள். டல்லாஸிலிருந்து மகன் அனுப்பும் படங்களில் குளிர்பெட்டிக்கே ஒரு தனி அறை இருக்கிறதே! இருக்கிறது. அந்த நாட்டு விவசாயத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 13.5 சதவீத வீடுகளில் அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை. அந்த வீடுகளில் இருப்பவர்கள் 4 கோடியே 74 லட்சம் பேர். துணையில்லாமல் பெண் ஒருத்தி பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 34.7 சதவீதம். பிள்ளைகள் உள்ள இப்படிப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய பாதியில், பிள்ளைகளின் தட்டில் குறை வைக்காமல் பெரியவர்கள் மட்டும் குறைத்துக்கொண்டார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பெரியவர்கள் என்று அறிக்கை நாகரிகமாகச் சொல்கிறது. எந்த ஊரானாலும் அந்தப் பெரியவர் யார் என்று வாசகருக்குத் தெரியும். கடைசியாகச் சாப்பிடுகிறவள்.

அவள் ஒருநாள் மருத்துவரிடம் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூர். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. இரண்டு பிள்ளைகள். ஸ்நாப் கார்டில் பணம் ஏற இன்னும் நான்கு நாள். வரவேற்பு மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்திருக்கிறார்கள். யாரும் பார்க்காத நேரமாக நான்கை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். பேனா செருகிய அட்டையில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் இவை எத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்தன? இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. மொத்தம் 27 மதிப்பெண். பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு.

காரியங்களில் ஆர்வம் குறைந்துவிட்டதா? மூன்று. மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்ததுண்டா? மூன்று. தூக்கம் வரவில்லையா? காலி வயிறு எந்த ஊரில் தூங்கவிட்டது, மூன்று. களைப்பா, உடம்பில் தெம்பு இல்லையா? காலையில் ஒரு காபி, மத்தியானம் பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டியின் ஓரம், எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. நான்கு இருந்தால் நான்கே போடுவாள்.

ஐந்தாவது கேள்விதான் ரத்தினம். பசியின்மை, அல்லது அளவுக்கு மீறிச் சாப்பிடுதல்.

பேனா அங்கே நிற்கிறது. பசியின்மையா? பசிக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பசிக்கிறது, வேளை தவறாமல் பசிக்கிறது. சாப்பிடத்தான் இல்லை. அதற்கு ஒரு கட்டம் தாளில் இல்லை. இதே தாளைப் பத்து நாள் கழித்துக் கொடுத்தால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டேன் என்பாள். அதுவும் பொய்யில்லை. கார்டில் பணம் ஏறிய நாலு நாள், மலிவான பாஸ்தாவும் சீஸ் பொடியும் பொரித்த உருளைக்கிழங்குமாக, காய்ந்த மாடு கம்பிலே விழுந்த கதைதான். அந்த நாலு நாள் ஏற்றிய சதையைப் பார்த்து மருத்துவர், உடம்பைக் கொஞ்சம் குறைக்கலாமே அம்மா என்றும் சொல்வார். மாதக் கடைசியில் ஒரு வியாதி, மாத முதலில் அதற்கு நேர்மாறான வியாதி. இரண்டுக்கும் ஒரே கட்டம், ஒரே மதிப்பெண். இவ்வளவு கச்சிதமாகக் காலண்டரைப் பார்த்து மாறுகிற மனநோய் உலகத்தில் வேறு இல்லை.

ஆறாவது: உங்களையே மட்டமாக நினைக்கிறீர்களா, தோற்றுப்போனதாக, குடும்பத்தைக் கைவிட்டதாகத் தோன்றுகிறதா? இந்தக் கேள்வியை அவளிடம் கேட்பதற்கு முன் செனட்டில் ஒருமுறை வாசித்திருக்கலாம். ஏழாவது: செய்தித்தாள் படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது மனம் ஒன்றவில்லையா? ஒன்றவில்லை. தொலைக்காட்சியில் சமையல் போட்டி ஓடுகிறது. எட்டாவது: மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடமாடுகிறீர்களா? வேலையிடத்தில் மேற்பார்வையாளர் கவனித்து எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று.

ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று எண்ணம் வந்ததுண்டா என்று கேட்கிறது. அதற்கு மட்டும் பூஜ்யம் போடுகிறாள். உண்மை அதுவா என்று எனக்குத் தெரியாது. ஏன் பூஜ்யம் போட்டாள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தாள் 2001இல் வெளியானது. தயாரித்தவர்கள் நல்ல மருத்துவ அறிஞர்கள். தயாரிக்க நிதி கொடுத்தது பைசர் கம்பெனி. அதே பைசர்தான் அப்போது சோலாஃப்ட் என்ற மனச்சோர்வு மாத்திரையை விற்றுக்கொண்டிருந்தது. தாளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற பெருந்தன்மையும் உண்டு. தூண்டிலுக்கு யார் காசு கேட்பார்கள்?

இன்னொரு வேடிக்கை. பெரியவர்கள் எல்லோரிடமும், பிள்ளை பெற்றவர்கள் உட்பட, மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பரிந்துரைத்திருக்கிறது. நல்லது. அப்படியே, வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்றும் மருத்துவர் கேட்கலாமா? அந்தக் கேள்வியையும் அதே குழு ஆராய்ந்து 2025 மார்ச்சில் விடை சொன்னது: கேட்பதால் நன்மையா தீமையா என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை. குழுவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள். சோகத்தைக் கண்டுபிடித்தால் மருத்துவர் சீட்டு எழுதலாம். பசியைக் கண்டுபிடித்து என்ன செய்வார்? மருந்துக் கடையில் சோறு கிடைக்காது.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் இருக்கிறது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி, இன்று உலகமெல்லாம் பரவியிருக்கிறது. அதன் பேர்போன பாலபாடம் என்ன தெரியுமா? ஒரே ஓர் உலர்திராட்சை. அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். உருட்ட வேண்டும். முகர வேண்டும். நாக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கடிக்க வேண்டும், அதன் சுவையில் கரைய வேண்டும். நம் ஒஹாயோக்காரிக்கு இந்தப் பயிற்சியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அவள் வீட்டில் எல்லாச் சாப்பாடும் இப்படித்தான்.

பசியால் மனம் கெடுமா, மனம் கெட்டதால்தான் சமாளிக்கத் தெரியாமல் பசியா என்று பண்டிதர்கள் விவாதிப்பதுண்டு. கோழியா முட்டையா என்று கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டில் எதையும் யாருக்கும் போட வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அமெரிக்காவே எண்பது வருஷத்துக்கு முன்பு விடை கண்டுபிடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினி கிடந்த ஐரோப்பாவை எப்படித் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டார். போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்த, தாங்களே விரும்பி வந்த ஆண்கள். உடம்பும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துப் பொறுக்கியெடுத்தவர்கள். 1945இல் ஆறு மாதம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி.

என்ன ஆயிற்று? எடையில் கால் பங்கு போனது. கூடவே சிரிப்பு போனது, பேச்சு போனது, காம இச்சை போனது, படிப்பில் கவனம் போனது. எரிச்சலும் சோர்வும் வந்து உட்கார்ந்தன. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து ராத்திரியெல்லாம் படித்தார்கள். ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களையே வெட்டிக்கொண்டார். கீஸ் இதையெல்லாம் எழுதி 1950இல் இரண்டு தடித்த தொகுதிகளாக வெளியிட்டார். அந்த 36 பேருக்கும் பி.எச்.க்யூ-9 தாளைக் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள்.

ஆனால் அந்த ஆண்களின் மூளையில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைப் பருவத்தைக் கிளறவில்லை. சிந்தனையை மாற்றிக்கொள் என்று உபதேசிக்கவில்லை. சாப்பாடு போட்டார்கள். நாளுக்கு எத்தனை கலோரி போட்டால் மனிதன் திரும்ப மனிதனாகிறான் என்று அளந்து அளந்து போட்டார்கள். ஆண் பட்டினி கிடந்தால் அது உடலியல். பெண் பட்டினி கிடந்தால் அது அவளுடைய சுபாவம்.

அப்புறமும் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் பெரிய நகரங்கள் 18இல், மூன்று வயதுப் பிள்ளைகளின் தாய்மார்கள் 2,870 பேரிடம் எடுத்த ஆய்வு 2006இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. சாப்பாட்டுக் கவலை இல்லாத தாய்மார்களில் 16.9 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தது. சாப்பாடு நிச்சயமில்லாத தாய்மார்களில் 30.3 சதவீதம். நடுவில் தள்ளாடுகிறவர்கள் 21 சதவீதம். சம்பளப் பட்டியல் மாதிரி படிப்படியாக ஏறுகிறது. மிச்சிகனில் அரசு உதவி பெறும் பெண்களை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தவர்களும், சோறு குறையும்போது மனச்சோர்வு கூடுவதை ஒரே பெண்ணிடமே கண்டு எழுதினார்கள். எழுதிப் பேராசிரியர் ஆனார்கள். தாய்மார்கள் தாய்மார்களாகவே இருக்கிறார்கள்.

இனி அந்த 6 டாலரை எப்படிச் செலவழிக்கலாம் என்ற சட்டத்தைப் பார்ப்போம். ஸ்நாப் கார்டில் சூடான சமைத்த உணவு வாங்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் முழுக்கோழியைச் சுட்டு, விளக்கின் கீழ் சூடாக வைத்திருப்பார்களே, அதை வாங்க முடியாது. அதே கோழி ஆறிப்போய், குளிர்பெட்டிக்குள் போனபின் வாங்கலாம். கோழிக்கும் சுகாதாரத்துக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ஏழைக்கு ஆவி பறக்கும் சோறு ஆகாது என்பது சாத்திரம். குழந்தையின் டயப்பரும் சோப்பும் மாதவிலக்குத் துணியும் அந்தக் கார்டில் வராது. அவை உணவு இல்லையாம். சரிதான். ஆனால் அவை இல்லாதபோது எந்தச் செலவில் கைவைக்கிறாள் என்று பாருங்கள்.

ஒன்பதாவது கேள்விக்கு ஏன் பூஜ்யம் போட்டாள் என்று சொல்கிறேன் என்றேன். பென்சில்வேனியாவில் வயோமிங் வேலி வெஸ்ட் என்று ஒரு பள்ளி மாவட்டம். 2019 ஜூலையில் ஏறக்குறைய ஆயிரம் பெற்றோருக்கு அங்கிருந்து கடிதம் போனது. உங்கள் பிள்ளையின் மத்தியானச் சாப்பாட்டுப் பாக்கி நிலுவையில் இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு போடத் தவறிய குற்றத்துக்காக உங்களை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பிள்ளையை உங்களிடமிருந்து பிரித்து வளர்ப்பு இல்லத்தில் விடவும் நேரலாம். ஆயிரம் வீட்டுக்கும் சேர்த்து மொத்தப் பாக்கி ஏறத்தாழ 22,000 டாலர். மேலே சொன்ன மாத்திரையில் இரண்டு தாய்மார்களுக்குக்கூடக் காணாது. காபி வியாபாரி ஒருவர் முழுப்பணத்தையும் நானே கட்டுகிறேன் என்று வந்தார். பள்ளி வாரியத் தலைவர் வேண்டாம் என்றார்; பெற்றோரால் கட்ட முடியும் என்றார். நாடே காறித் துப்பிய பிறகுதான் மன்னிப்பும் கேட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

பதற்ற நோயைக் கண்டுபிடிக்க இன்னொரு தாள் இருக்கிறது, ஜி.ஏ.டி-7 என்று. அதன் ஏழாவது கேள்வி: ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்ற அச்சம் உங்களுக்கு உண்டா? அநேகமாகத் தினமும் என்றால் மூன்று மதிப்பெண், வியாதியின் கணக்கில். அந்த ஆயிரம் வீடுகளில் பயங்கரம் பள்ளியின் முத்திரை போட்ட கடிதத்தாளில், தபால்தலை ஒட்டி வந்தது. எந்தக் கேள்விக்கு உண்மை சொன்னால் எந்தப் பிள்ளை போகும் என்று தெரியாத தாய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பதாவதற்குப் பூஜ்யமே போடுவாள். இத்தனைக்கும், பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, மனம்விட்டுப் பேசுங்கள் என்று மருத்துவமனைச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது.

முதலாளிகளைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுக்குத் தொழிலாளிகள் மேல் கரிசனம் உண்டு. ஒஹாயோவின் கேன்டன் நகரத்து வால்மார்ட் கடையில் 2013 நவம்பரில் டப்பாக்கள் வைத்தார்கள். கஷ்டப்படும் சக ஊழியர்கள் நன்றியறிதல் நாளில் சாப்பிட உணவுப் பொருள் போடுங்கள் என்று எழுதியிருந்தது. சம்பளம் போதாத ஊழியருக்குச் சம்பளம் போதாத இன்னொரு ஊழியர் போடும் பிச்சை. கம்பெனி, எங்கள் ஊழியர்கள் ஒருவர்மேல் ஒருவர் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று பெருமைப்பட்டது. அதே ஆண்டு மெக்டொனால்ட்ஸ் தன் ஊழியர்களுக்கென நடத்திய இணையதளத்தில் ஆலோசனை சொன்னது: சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்ததுபோல இருக்கும். புலம்பாதீர்கள், புலம்பினால் மன அழுத்தம் கூடும். புலம்பலுக்குக்கூட அளவுச்சாப்பாடு. 2024 பிப்ரவரியில், கெல்லாக் கம்பெனித் தலைவர் கேரி பில்னிக் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, கையில் காசு இறுக்கமான குடும்பங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தானியச் சீரியல் சாப்பிடலாமே என்றார். அவர் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன என்று நிருபர் யாரும் கேட்கவில்லை.

பிரிட்டனும் சளைத்ததில்லை. உணவு வங்கிகளுக்கு ஜனங்கள் தாமாக உதவுவதைப் பார்த்தால் மனத்துக்கு உற்சாகமாக இருக்கிறது என்ற பொருளில் 2017இல் பேசினார் ஜேக்கப் ரீஸ்-மாக் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. ஐந்து வருஷம் கழித்து அதே கட்சியின் லீ ஆண்டர்சன், ஒரு சாப்பாட்டை 30 பென்ஸில் சமைத்துவிடலாம், ஜனங்களுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று பார்லிமென்டில் சமையல் வகுப்பு எடுத்தார். ஜனங்கள் என்றால் அங்கேயும் பெண்கள்தான். பஞ்சத்துக்குக் காரணம் பெண்ணின் கைப்பக்குவம் போதாததாம்.

வாஷிங்டனுக்குத் திரும்புவோம். 2006இல் விவசாயத் துறை தன் அறிக்கையிலிருந்து பசி என்ற பிரிவையே எடுத்துவிட்டது. அதுவரை பசித்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் அதற்குப்பின் மிகக் குறைந்த உணவுப் பாதுகாப்பு உள்ளவர்கள் ஆனார்கள். ஒரு வேளைச் சோறு கூடக் கூடவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், அந்த அறிக்கையையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். முப்பது வருஷமாக எடுத்துவந்த கணக்கு. தேவையில்லாதது, செலவு பிடித்தது, அரசியல் கலந்தது, பயமுறுத்துவதைத் தவிர வேறு வேலை செய்யாதது என்றார்கள். கேட்டீர்களா, பயமுறுத்துகிறதாம்! பயந்தது யார்? கணக்கெடுப்பின் முதல் கேள்வியே, அடுத்த பணம் வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பதுதான். அந்தக் கவலை எப்போதும் அவளுடையதாக இருந்தது. முதன்முறையாக அமைச்சருக்கு வந்ததும் கேள்வியையே நிறுத்திவிட்டார்கள். அவளிடம் நீட்டுகிற ஒன்பது கேள்வித் தாள் மட்டும் தொடர்கிறது.

கணக்கை நிறுத்தினதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலையில், ஸ்நாப் திட்டத்தில் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 18,700 கோடி டாலரை வெட்டும் சட்டத்தில் கையெழுத்தாகியிருந்தது. கடைசிப் பிள்ளைக்குப் பதினான்கு வயதாகிவிட்டால் தாய் மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததற்குச் சான்று காட்ட வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்தோடு சாப்பாடு நிற்கும். பிறகு அக்டோபரில் அரசாங்கமே பணமில்லாமல் மூடிக்கிடந்தது. நவம்பர் முதல் தேதி 4 கோடியே 20 லட்சம் பேருக்கு ஸ்நாப் பணம் வராது என்று ஆனது. அதற்கு முந்தின நாள் ராத்திரி அதிபர் தம்முடைய மார்-அ-லாகோ மாளிகையில் விருந்து வைத்தார். விருந்துக்கு ஒரு கருப்பொருள் உண்டு: 1920களின் கேட்ஸ்பி நாவல். இறகு வைத்த ஆட்டக்காரிகள், மது, வெளிச்சம். பணக்காரர்கள் உடைத்துப் போட்டுவிட்டுப் போவதைப் பற்றிய அந்த நாவலை விருந்தாளிகளில் எத்தனை பேர் கடைசிவரை படித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் காலை விடிந்தது. கார்டைத் தேய்த்தால் காசில்லை. பணத்தைக் கொடு என்று நீதிபதிகள் உத்தரவிட, கொடுக்க மாட்டோம் என்று அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பசித்த தாய்க்கு எதிராக வாதாட அந்த நாட்டில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை.

இந்த நோய்க்கு மருந்தே கிடையாதா என்றால், உண்டு. சோதித்தும் பார்த்தாயிற்று. 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, ஆறு மாதம், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாதம் 300 டாலர், அதற்கு மேல் உள்ள பிள்ளைக்கு 250 டாலர் என்று பெற்றோர் கணக்கில் நேராகப் போட்டார்கள். வருமானமே இல்லாதவர்களுக்கும் சேர்த்து. ஏழைக் குடும்பங்களில் சாப்பாட்டுப் பற்றாக்குறை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வருமானம் குறைந்த பெற்றோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்ததாகப் பின்னால் வந்த ஆய்வு சொன்னது. யாரும் மைண்ட்ஃபுல்னஸ் சொல்லிக்கொடுக்கவில்லை. காசு வந்தது, காய்கறி வாங்கினாள், தூங்கினாள்.

அந்தப் பணத்தைத் தொடர்வதற்கான மசோதாவுக்கு ஓட்டுப் போட முடியாது என்று மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்ச்சின் டிசம்பர் 19ஆம் தேதி தொலைக்காட்சியில் சொன்னார். பெற்றோர் அந்தப் பணத்தைப் போதைப்பொருளுக்குச் செலவழிப்பார்கள் என்று அவர் சக செனட்டர்களிடம் தனியாகச் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஜனவரியில் பணம் வரவில்லை. 2021இல் 5.2 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை 2022இல் 12.4 சதவீதம் ஆனது. அந்த ஒரு வருஷத்தில் அமெரிக்கத் தாய்மார்களின் மூளையில் எந்த ரசாயனமும் மாறவில்லை. செனட்டில் ஓர் ஓட்டு குறைந்தது, அவ்வளவுதான்.